டெபியனுக்குச் செல்லவிருக்கும் பொதியை முன்கூட்டிப் பரிசோதிப்பவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கடையோரம் (சுங்கை சிப்புட், பேராக்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றை நடத்துகிறேன். கோவில் மண்டபத்தில் நடக்கும் மாலை வகுப்பின் கணினிகளை டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் ஓடவைத்துப் பராமரிப்பதும் என் பொறுப்பில் இருக்கிறது. நிரல் எழுதுவது என் தொழில் அன்று, ஆனால் பைத்தான் நிரலைப் படித்தால் விளங்கிக்கொள்வேன்.

இங்குள்ள தோட்டமொன்றில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், 1990களில் ஆலயத்துக்காகவும் கூட்டுறவு நாணயச் சங்கத்துக்காகவும் பழைய எட்டுபிட் எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்களை எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற ஒரு சிறு நிரல் எழுதி, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்கீழ் வெளியிட்டிருக்கிறார். தோட்டம் துண்டுதுண்டாக விற்கப்பட்டுவிட்ட நிலையில் அந்த ஆவணங்களே பல குடும்பங்களுக்கு மிஞ்சியிருக்கும் பதிவுகள் என்பதால், இங்கே இந்நிரலுக்கு உண்மையான தேவை இருக்கிறது. எங்கள் வகுப்பில் படித்து, இப்போது ஈப்போவில் பாலிடெக்னிக்கில் பயிலும் மாணவி ஒருவர் இதை டெபியனில் நிறுவத்தக்க பொதியாக்கி (பேக்கேஜ்), பொதியாக்கும் எண்ணத்தை முறைப்படி அறிவித்து, புதியவர்கள் தம் பொதிகளைப் பார்வைக்கு வைக்கும் மென்டர்ஸ் தளத்தில் ஏற்றியிருக்கிறார். பொதியைக் களஞ்சியத்தில் ஏற்றித் தரும் டெபியன் உறுப்பினரான ஸ்பான்சர் ஒருவரை வேண்டிக் கோரிக்கை அனுப்புமுன் இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்.

பொதிகளைத் தானியங்கியாகச் சோதிக்கும் லிண்டியன் கருவி ஒரு குறையும் காட்டவில்லை. எஸ்பில்டு என்ற கட்டும் கருவி கொண்டு சுத்தமான சூழலில் கட்டினாலும் பொதி பிழையின்றிக் கிடைக்கிறது; நிறுவினால் ஓடுகிறது, நீக்கினால் சுவடின்றிப் போகிறது. இதற்கு மேல் பரிசோதிக்க என்ன இருக்கிறது, எந்த வரிசையில் பார்ப்பது, டெபியன் உறுப்பினர் அல்லாத ஒருவர் எழுதும் கருத்துக்கு அங்கே மதிப்பு உண்டா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சிவப்புச்சுருள் (கோயம்புத்தூர்) எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். களஞ்சியத்தில் பொதியை ஏற்றும் உரிமை உள்ள உறுப்பினர் ஒருவர் கையொப்பமிட்டால்தான் அது உள்ளே போகும்; ஆனால் ஏற்றுமுன் குறை சொல்லும் உரிமை யாருக்கும் உண்டு, அது வரவேற்கவும் படுகிறது. யாரோ ஒருவர் பொறுமையாகப் படித்துக் கேள்வி எழுப்பி, அவற்றுக்குப் பதிலும் கிடைத்திருக்கிறது என்பதைப் பார்க்கும் ஸ்பான்சர், அந்தப் பொதியைக் கையில் எடுக்கத் தயங்குவது குறையும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லிண்டியன் அமைதியாக இருப்பது பொதியின் வடிவம் சரியாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. கோப்புகள் உரிய இடத்தில் உள்ளனவா, மாற்றப் பதிவு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா போன்றவற்றை அது பார்க்கும். உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளையும் ஊருக்கெல்லாம் கொடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறதா, இந்தப் பொருள் எதிலிருந்து செய்யப்பட்டதோ அந்த மூலமும் கூடவே இருக்கிறதா என்ற இரண்டையும் எந்தக் கருவியாலும் தீர்மானிக்க முடியாது. புதிய பொதிகள் காத்திருக்கும் நியூ வரிசையில் களஞ்சியப் பொறுப்பாளர்கள் முதன்மையாகப் பார்ப்பதும் இதைத்தான். திருப்பி அனுப்பப்படும் பொதிகளில் நான் கண்டவற்றுள் நிரல் மோசம் என்று திரும்பியவை குறைவு. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரையும் உரிமத்தையும் பட்டியலிடும் காப்பிரைட் கோப்பு முழுமையில்லாமல் திரும்பியவையே அதிகம்.

ஆகவே காப்பிரைட் கோப்பை மூடி வைத்துவிட்டு, மூல நிரல் கோப்புறையை மேலிருந்து கீழாக நீங்களே திறந்து பாருங்கள். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் யார் பெயர், எந்த ஆண்டு, எந்த உரிமம் என்று குறித்துக்கொள்ளுங்கள். லைசன்ஸ்செக் என்ற கருவி இதில் துணைசெய்யும், ஆனால் தலைப்புக் குறிப்பே இல்லாத கோப்பைப் பற்றித் தெரியவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது; நமக்குச் சிக்கல் தருபவை பெரும்பாலும் அத்தகைய கோப்புகள்தாம். படங்கள், எழுத்துருக்கள், சோதனைக்கான மாதிரி உரைகள், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய சிறு நூலகங்கள், சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் ஆகியவற்றைத் தனியே எழுதி வையுங்கள். அதன் பிறகு காப்பிரைட் கோப்பைத் திறந்து, உங்கள் குறிப்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். முதலில் அந்தக் கோப்பைப் படித்துவிட்டால், மாணவி எங்கே பார்த்தாரோ அங்கே மட்டும்தான் உங்கள் கண்ணும் போகும்.

பழைய எழுத்துரு மாற்றி என்றாலே எனக்கு எழும் ஐயம் ஒன்று உண்டு. முன்னோட்டம் காட்டுவதற்காக அந்தப் பழைய எழுத்துரு ஏதேனும் உள்ளே சேர்க்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் அதனுடன் வந்த குறிப்பை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

பாடாங்செராய்க்காரன் (கெடா) எழுதியது:

உரிமம் முக்கியம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, இப்பொதி தேவையா என்பது. களஞ்சியத்தில் நுழையும் ஒவ்வொரு பொதியையும் யாரோ ஒருவர் ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டும். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றுவதுதான் நோக்கம் என்றால், குனு சி நூலகத்துடன் வரும், குறியேற்றங்களை மாற்றும் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி ஏற்கெனவே தெரியும். எல்லா டெபியன் கணினியிலும் அது இருக்கிறது. தமிழ்நாட்டில் 1999 தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் குறியேற்றங்களும், எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும் தனிக் குறியேற்றங்களும் அந்தப் பட்டியலில் இல்லை. கிராணி ஐயாவின் நிரல் அவற்றைக் கையாள்கிறது என்றால் அதைப் பொதி விளக்கத்தில் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஐகான்வ் இருக்கையில் இது எதற்கு என்று ஸ்பான்சர் கேட்பார். அவர் கேட்பதில் தவறும் இராது.

இரண்டாவது, தமிழ் தெரிந்த பரிசோதகரால் மட்டுமே பார்க்கக்கூடிய வேலையும் இருக்கிறது. பழைய குறியேற்றங்களில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டது; ஒருங்குறியில் அது மெய்க்குப் பின்னால் வர வேண்டும். 'கொ' என்ற எழுத்தை ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் இயல்பாக்கம் செய்யாத நிரலில் தேடினால் ஒன்றுக்கு மற்றொன்று கிடைக்காது. நிரல் எந்த வடிவத்தை வெளியிடுகிறது என்று பார்க்கவும். அதுபோலவே 'ஸ்ரீ'. ஒருங்குறியின் 4.1 பதிப்பில், 2005ஆம் ஆண்டில், 'ஶ' சேர்க்கப்பட்ட பிறகு இவ்வெழுத்துக்கு இருவகை வரிசைகள் புழக்கத்தில் உள்ளன. நம் தோட்டத்து ஆலயங்களின் பெயர்களில் பாதி 'ஸ்ரீ' என்றுதான் தொடங்கும். பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் ஒரே ஆலயம் இரண்டு இடங்களில் வந்து நிற்கும்.

மற்றபடி, இவ்வளவு சிறிய நிரலுக்கு இத்தனை ஆராய்ச்சி சற்று அதிகம் என்றே நினைக்கிறேன்.

கடையோரம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நிரல் டாப், டாம் மட்டுமின்றி எங்கள் பகுதியில் புழங்கிய வேறு இரு எழுத்துருக்களின் குறியேற்றங்களையும் மாற்றுகிறது. திஸ்கிக்கு அது ஐகான்வையே அழைக்கிறது. விளக்கத்தை அதற்கேற்பத் திருத்தச் சொல்லிவிட்டேன்.

காப்பிரைட் கோப்பை மூடி வைத்துக் கோப்புறைகளைத் திறந்து பார்த்ததில் நான்கு விஷயங்கள் தென்பட்டன. முதலாவதாக, எழுத்துருக் கோப்பு ஒன்று உண்மையிலேயே உள்ளே இருக்கிறது. அதனுடன் உள்ள குறிப்பில் 'யாவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், விற்கவோ மாற்றவோ கூடாது' என்று இருக்கிறது. இரண்டாவதாக, சோதனைக் கோப்புறையில் மாதிரி உரையாக 1970களில் வந்த உள்ளூர் இதழ் ஒன்றின் சிறுகதை முழுவதும் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. மூன்றாவதாக, அதே கோப்புறையில் ஆலயச் சந்தாப் பதிவேட்டின் ஒரு பகுதி, பெயர்களோடும் அடையாள அட்டை எண்களோடும் அப்படியே கிடக்கிறது. நான்காவதாக, பைத்தான் எச்சரிக்கை ஒன்று வராமலிருக்க மாணவி ஒரு பேட்ச் (மூல நிரலை மாற்றும் திருத்தக் கோப்பு) சேர்த்து இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறார். இவற்றுள் எவை பொதியைத் தடுக்கும், எவற்றை அப்படியே விடலாம்?

லயத்துவீடு (கிள்ளான்) எழுதியது:

மூன்றாவதை இன்றைக்கே கவனியுங்கள், மற்றவை காத்திருக்கலாம். நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைக் காட்டும். இதை டெபியனுக்குள் விட்டால் உலகெங்கும் உள்ள, களஞ்சியத்தின் நகலை வைத்திருக்கும் மிரர் தளங்களுக்கு ஒரே நாளில் பரவிவிடும்; பின்னர் பொதியை நீக்கினாலும், பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் தளத்தில் அது தங்கிவிடும். டெபியனின் எந்த விதியும் எந்தக் கருவியும் இதைச் சுட்டிக்காட்டியிராது. ஸ்பான்சர் வேற்று நாட்டவராக இருந்தால், அவர் கண்ணுக்கு அது வெறும் பன்னிரண்டு இலக்க எண்.

அடுத்த பதிப்பில் கோப்பை அழித்தால் போதாது. நிரலின் எல்லா மாற்றங்களையும் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தின் வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும் என்பதால், கிராணி ஐயா வரலாற்றையே திருத்தி எழுதி, பழைய வெளியீட்டுக் கோப்புகளையும் தளத்திலிருந்து இறக்க வேண்டும். மென்டர்ஸ் தளத்தில் ஏற்றியதை மாணவியே நீக்கிவிடலாம். மாதிரிக்குக் கற்பனைப் பெயர்களும் எந்த நபருக்கும் பொருந்தாத எண்களும் வைத்தால் சோதனை முன்போலவே நடக்கும். பதிமூன்றாவது மாதத்தில் பிறந்ததாக ஓர் எண்ணை அமைத்துவிட்டால் குழப்பமே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். மாணவி எந்தக் கோப்பிலிருந்து பொதியைக் கட்டினார்? வெளியீட்டுப் பக்கத்தில் வைத்திருக்கும் டார் என்ற தொகுப்புக் கோப்பிலிருந்தா, கிட்டில் அந்த வெளியீட்டைச் சுட்டும் குறியிலிருந்தா? இரண்டையும் பிரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்.இசட். சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதே, அதைத் தூண்டிவிடும் கட்டமைப்பு நிரல் கிட்டில் இல்லாமல் டார் கோப்பில் மட்டும்தான் இருந்தது. அதன் உடல் பகுதியோ, வேண்டுமென்றே பழுதாக்கிய சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் எல்லாரும் பார்க்கும் கிட்டிலேயே இருந்தது. டெபியனின் நிலையான பதிப்பு தப்பித்தது. இன்னும் சோதனையில் இருக்கும் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் பதிப்புகள் இரண்டிலும் அது நுழைந்துவிட்டிருந்தது. உள்நுழைவு ஏன் அரை நொடி தாமதமாகிறது என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் விடாமல் தேடியதால்தான் விஷயம் வெளிவந்தது. கிராணி ஐயா மீது எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் சோதனைக் கோப்புறையை யாரும் திறப்பதில்லை என்பது இரண்டு நிகழ்விலும் ஒன்றுதான்.

சிவப்புச்சுருள் எழுதியது:

கிள்ளான் நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மற்ற மூன்றுக்கும் என் கருத்து இதோ.

எழுத்துரு உள்ளே போக முடியாது. டெபியனின் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகள் 1997இல் எழுதப்பட்டவை; அவற்றுள் மூன்றாவது, மாற்றி அமைத்து வெளியிடும் உரிமையைக் கட்டாயமாகக் கேட்கிறது. 'மாற்றக் கூடாது' என்ற ஒரு சொல்லே இங்கு போதும். 'விற்கக் கூடாது' என்பதைப் பொறுத்தமட்டில் நுணுக்கம் உண்டு: எழுத்துருக்களுக்கென உள்ள, டெபியன் ஏற்கும் ஓ.எஃப்.எல். உரிமமும் எழுத்துருவைத் தனியே விற்பதைத் தடுக்கிறது, ஆனால் மென்பொருளோடு சேர்த்து விற்பதை அனுமதிக்கிறது. நெறிகளின் முதல் பிரிவு கேட்பது இந்த அளவு அனுமதியைத்தான். உங்களிடம் உள்ள குறிப்பு அந்த வேறுபாட்டைச் செய்யவில்லை. எழுத்துருவை உருவாக்கியவரைத் தேடிப் பிடித்து உரிமத்தை மாற்றித் தரச் சொல்லலாம், கிடைக்கவில்லையென்றால் நீக்கிவிடுங்கள். மாற்றியபின் உரையைக் காட்ட, களஞ்சியத்தில் உள்ள லோகித் தமிழ் எழுத்துரு போதும். மூல ஆசிரியர் நீக்க மறுத்தாலும், காப்பிரைட் கோப்பிலேயே விலக்க வேண்டிய கோப்புகளைக் குறித்துவிட்டு, அவை இல்லாத மூலப் பொதியை மாணவியே தயாரிக்க வழி உண்டு. பதிப்பெண்ணின் பின்னால் அதற்குரிய ஒட்டு சேர்க்க வேண்டும்.

சிறுகதையும் நிற்காது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இங்கே இந்தியாவில் அது 60 ஆண்டுகள். 1970களில் வந்த கதை, எழுதியவர் அப்பத்தாண்டின் தொடக்கத்திலேயே காலமாகியிருந்தாலன்றி, இன்னும் உரிமைக்கு உட்பட்டதாகவே இருக்கும். ஆலயச் சந்தாவைப் பற்றி நீங்களே பத்து வாக்கியம் எழுதி, அதையும் ஜி.பி.எல். கீழ் வைத்துவிட்டால் போதும்.

பேட்ச்தான் எனக்கு உறுத்துகிறது. எச்சரிக்கை வராமலிருக்க வரிகளை நீக்குவது டெபியனின் வரலாற்றிலேயே பெரிய காயம் ஏற்படுத்திய பழக்கம். 2006இல், நினைவகப் பரிசோதனைக் கருவி தந்த எச்சரிக்கையை நீக்குவதற்காக மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்.எஸ்.எல். நூலகத்தில் டெபியன் தரப்பில் வரிகள் எடுக்கப்பட்டன. அதனால் தற்போக்கு எண்களுக்கான விதை வெறும் செயல்முறை எண்ணாகச் சுருங்கி, சாவிகள் ஊகித்துவிடக்கூடியவை ஆயின. 2008 மே மாதத்தில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. உலகெங்கும் சேவையகச் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. பேட்ச் போட்டவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, மூல ஆசிரியர்களின் அஞ்சல் குழுவில் கேட்டுவிட்டே செய்தார்; கேட்ட கேள்வியும் செய்த மாற்றமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆகவே அந்த இரண்டு வரிகள் என்ன செய்து கொண்டிருந்தன என்று மாணவியிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பேட்சின் தலைப்பில் காரணமும், மூல ஆசிரியருக்கு அனுப்பப்பட்டதா என்ற குறிப்பும் இருக்க வேண்டும். கிராணி ஐயா அதே ஊரில்தானே இருக்கிறார். அவரே தம் நிரலில் சேர்த்துக்கொண்டால் பேட்சுக்கே வேலை இல்லை.

பாடாங்செராய்க்காரன் எழுதியது:

சந்தாப் பதிவேடு உள்ளே இருந்ததை அறிந்தபின், ஆராய்ச்சி அதிகம் என்று இனி வாதாட மாட்டேன். ஆயினும் ஒரு வேண்டுகோள். இவை எல்லாவற்றையும் ஒரே மடலில் அடுக்கி மாணவிக்கு அனுப்பாதீர்கள். முதல் பொதியோடு வருபவர்களில் பலர் காணாமற்போவது குறைகளின் எண்ணிக்கையைக் கண்டு அன்று. எதைக் கட்டாயம் செய்ய வேண்டும், எது பரிசோதகரின் விருப்பம் மட்டுமே என்று பிரித்துச் சொல்லாததால்தான். எழுத்துரு, கதை, பதிவேடு மூன்றும் கட்டாயம். பேட்ச் விளக்கம் கட்டாயம். நான் சொன்ன 'ஸ்ரீ' விவகாரம் கட்டாயமில்லை. அதை மூல ஆசிரியருக்கு வழுவறிக்கையாக அனுப்பிவிட்டுப் பொதி மேலே போகலாம்.

கடையோரம் எழுதியது:

மாணவியும் நானும் கிராணி ஐயா வீட்டுக்கே போய்ப் பேசினோம். பதிவேட்டைப் பொதுவெளியில் வைத்தது தவறு என்பதை அவர் உடனே ஏற்று, களஞ்சியத்தை வரலாறு இன்றிப் புதிதாகத் தொடங்கி, கற்பனைப் பெயர்களோடு புதிய மாதிரி உரையும் எழுதித் தந்துவிட்டார். எழுத்துருவை நீக்குவதற்குத்தான் மனம் வரவில்லை. அதை உருவாக்கியவர் தம் நண்பர் என்றும், அவருடைய பிள்ளைகளிடம் உரிமத்தை மாற்றக் கேட்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். அதுவரை எழுத்துரு இல்லாமலே பொதி போகும். பேட்ச் நீக்கிய இரண்டு வரிகள், அடையாளம் தெரியாத குறியைக் கண்டால் பயனரை எச்சரிக்க வேண்டியவை என்று தெரியவந்தது. அவை இல்லாவிட்டால் அந்த எழுத்து ஓசையின்றிக் கைவிடப்பட்டுவிடும். பேட்சைத் தூக்கிவிட்டு, எச்சரிக்கையின் காரணத்தை மூல நிரலிலேயே சரிசெய்திருக்கிறார்கள்.

இனி ஸ்பான்சர் கோரிக்கை அனுப்பலாம் என்று எழுதிக் கொடுக்கிறேன். நியூ வரிசையைக் கடந்தபின் மாணவி செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

லயத்துவீடு எழுதியது:

ஒன்று உண்டு, பலர் மறந்துவிடுவது. நியூ வரிசைக்குப் போகும் முதல் ஏற்றத்தில், கட்டிய பொதியையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஆனால் ஒருவர் தம் கணினியில் கட்டிய பொதி அன்ஸ்டேபிளிலிருந்து டெஸ்டிங்குக்கு நகராது. ஏற்கப்பட்ட பிறகு, பதிப்பெண்ணை ஒன்று கூட்டி, மூல நிரலை மட்டும் ஸ்பான்சர் வழியாக மீண்டும் ஏற்றச் சொல்லுங்கள்; டெபியனின் சொந்தக் கட்டமைப்புக் கணினிகள் அதிலிருந்து கட்டிக்கொள்ளும். அந்தச் சிறு ஏற்றத்திலேயே 'ஸ்ரீ' திருத்தமும் தயாராக இருந்தால் சேர்த்துவிடலாம்.